அப்பா இண்டிகேட்டர் ஆன கதை

தேவனேரி,
18.11.2025

அன்பு மகள் பவானிக்கு அப்பா எழுதுவது.

நீயும் உன் சீமைக் கால்வே ஊர்க் குளிரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே உங்கம்மா சுகம், மழை சுகம், கொசு எல்லோரையும் விட சுகம். நானும் சுகந்தான், என் இடது கை மட்டும் தோளிலிருந்து சுண்டுவிரல் வரை வலிக்கிறது. காரணத்தைச் சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் நீ நான் பெற்ற மகள், வெளியில் விற்க மாட்டாய் என்ற தைரியத்தில் சொல்கிறேன். முப்பது வருஷமாக இந்தக் கடற்கரையில் மைக் செட்டும் சீரியல் லைட்டும் கட்டி, மாசி மகத்துக்கு ஆயிரம் பல்பை ஓட வைத்து ஆட வைத்து மயில் தோகை விரிக்க வைத்த உன் அப்பன் தாண்டவராயன், ஒன்றரை மாசமாக நம் பழைய காரில் இடது பக்க இண்டிகேட்டராக வேலை பார்த்தேன். கார் திரும்பும்போது மினுக்க வேண்டிய மஞ்சள் விளக்கு நான்கும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டன. உங்கம்மா ஓட்டுகிறவள், வலது பக்கம் திரும்ப அவளே கையை வெளியே நீட்டிக்கொள்வாள். இடது பக்கத்துக்குக் கை எட்டாது, அதற்காக என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்திருந்தாள். அவள் "லெப்ட்டு" என்றால் நான் நீட்ட வேண்டும், "போதும்" என்றால் இழுத்துக்கொள்ள வேண்டும். நான் ஏன் ஓட்டவில்லை என்று கேட்காதே. சின்னக் குப்பத்தில் நிறுத்தியிருந்த பைபர் படகை நான் காரால் போய்ச் சந்தித்த நாளிலிருந்து ஸ்டியரிங்கும் நானும் பேச்சுவார்த்தையில் இல்லை.

கை நீட்டுவது சுலபம் என்று நினைக்காதே பாப்பா. இந்தப் பக்கத்தில் நீட்டிய கையைச் சும்மா விட மாட்டார்கள். திருப்போரூர் கூட்டுரோட்டில் உங்கம்மா "லெப்ட்டு" என்றாள், நான் உள்ளங்கையை விரித்து நீட்டினேன், மனை விற்கிறவர்கள் தொப்பி போட்ட ஒரு அம்மாவை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள், அந்த அம்மா ஓடி வந்து என் கையில் ஒரு நோட்டீஸை வைத்துவிட்டுப் போனார். முருகன் கோயிலிலிருந்து ஐந்தே நிமிஷத்தில் மனையாம், ஹெலிகாப்டரில் போனால் அப்படி இருக்கலாம். இன்னொரு நாள் படூரில் கையை நீட்டினேன், பின்னால் பைக்கில் வந்த என் பழைய கூட்டாளி ஒருவன் ஆசையாக அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி, குலுக்கினபடியே கூட வந்து, பொண்ணுக்கு எப்போ கல்யாணம் என்று விசாரித்தான். கையை விடுடா, நாங்க திரும்பணும் என்று சொல்ல எனக்குக் கூச்சம். உங்கம்மா திரும்ப முடியாமல் சிறுசேரி வரை நேராகவே ஓட்டினாள். அன்றைக்கு அரை மணி நேரம் தாமதம், டிக்கியில் விற்க ஏற்றியிருந்த நண்டு எல்லாம் முறைத்துக்கொண்டு கிடந்தது.

இதையெல்லாம் வீடியோ காலில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். வீடியோ காலில் உங்கம்மா என் தோளோடு ஒட்டிக்கொண்டு உட்காருவாள், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் நான்கு வார்த்தை திருத்துவாள். அதனால்தான் மாடி வீட்டு ரோகிணி சனிக்கிழமை அங்கே கிளம்புகிறாள் என்றதும் அவள் கையில் கொடுத்து அனுப்ப இதை எழுதுகிறேன். நீ போனில் வண்டியைப் பேசாமல் வித்துடுங்க என்று ரொம்ப சுலபமாகச் சொன்னாய். வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது, செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், இண்டிகேட்டர் எரியாத வண்டியை அங்கே நிற்கவே விட மாட்டார்கள். ஆர்.சி. இல்லை என்றால் கார் இல்லை, கார் இல்லை என்றால் உங்கம்மாவின் படூர் வியாபாரம் இல்லை. வாரத்துக்கு நான்கு நாள், நாற்பது வீடு, விடியலில் கரையில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, டிக்கியில் ஏற்றிக்கொண்டு போய் அவள் கொடுக்கிற மீன் அது. அதற்கு முன்னால் அவள் எப்படிப் போனாள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். கூடையைப் பார்த்தால் பஸ் நிற்காது, நின்றாலும் கண்டக்டர் ஏற விட மாட்டார், ஏற விட்டாலும் உட்கார்ந்திருக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசனைக்கு ஒரு பட்டிமன்றம் நடத்துவார்கள். ஒரு நாள் திருப்போரூர் தாண்டி நடு ரோட்டில் கூடையோடு இறக்கிவிட்டார்கள், நீ அப்போது பத்தாவது. அன்றிலிருந்து சீட்டுப் பிடித்து, நகையை வைத்து, செகண்ட் ஹேண்டில் இந்தக் கார் வாங்கினாள், நாற்பத்தாறு வயசில் லைசென்ஸ் எடுத்தாள். அந்தக் காரில் நான்கு பல்பு எரியவில்லை என்றால் அவளுக்கு அது பல்பு விஷயம் இல்லை.

கோளாறு ஆரம்பித்தது காந்தி ஜெயந்தி லீவுக்கு அப்புறம். முதலில் நான் சிரித்தேன். இண்டிகேட்டர் என்ன பெரிய இண்டிகேட்டர், நாம் கட்டாத சீரியல் செட்டா என்று ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கினேன். பக்கத்து வீடுகளில் நாற்காலி போட்டுப் பார்த்தார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. முதலில் பல்பு. நான்கையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கம்பி எல்லாம் முழுசாக இருந்தது. இருந்தாலும் கழற்றினவனுக்கு மரியாதை வேண்டாமா, நான்கும் புதிதாக மாற்றினேன். எரியவில்லை. அடுத்து ஃபியூஸ். அதுவும் நன்றாக இருந்தது, அதையும் மாற்றினேன். எரியவில்லை. போனில் ஒரு வெள்ளைக்காரர் வீடியோ போட்டிருந்தார், ஸ்டியரிங் அடியில் ஃப்ளாஷர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், டக் டக் என்று சத்தம் போடுவது அதுதான், அதைப் பார் என்றார். அவர் அதற்கு முன்னால் ஏதோ ஐந்து நிமிஷம் பேசினார், நமக்குத் தேவையில்லாதது என்று ஓட்டிவிட்டேன். தலைகீழாகப் படுத்துக்கொண்டு ஸ்டியரிங் அடியில் தலையை விட்டேன், பெட்டி கிடைத்தது, மாற்றினேன், தலை வெளியே வரவில்லை. உங்கம்மா ஒரு காலைப் பிடித்து இழுத்தாள், நாற்காலி போட்டிருந்தவர்களில் ஒருவர் இன்னொரு காலைப் பிடித்தார், சுகப்பிரசவம். வெளியே வந்து சுவிட்சைப் போட்டேன், எரியவில்லை. நாற்காலிகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் மரியாதையாகக் கலைந்தார்கள். உங்கம்மா மட்டும் நின்றுகொண்டு, "இன்னாய்யா, நீ மைக் செட் போடறவன்தான?" என்று கேட்டாள். அதில் சந்தேகம் இருப்பது போல் கேட்டதுதான் எனக்கு வலித்தது.

அப்புறம் ஊர் முழுக்க டாக்டர்கள் கிளம்பினார்கள். ரிட்டயர்டு பஸ் டிரைவர் கேசவனை உனக்குத் தெரியும், இப்போது டீக்கடையில் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறார், வண்டி இல்லாமலே. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் இண்டிகேட்டரே போட்டதில்லையாம், பஸ் திரும்புகிற அளவைப் பார்த்தே பின்னால் வருகிறவன் தெரிந்துகொள்ள வேண்டுமாம், தெரிந்துகொள்ளாதவன் என்ன ஆனான் என்று அவர் சொல்லவில்லை. அவர் வந்து பின் பக்க விளக்கை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், அது ஒரே ஒரு தரம் மின்னியது. அன்றிலிருந்து எங்கள் காருக்கு ஒரு விசேஷ குணம் வந்துவிட்டது. ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் மட்டும் ஒரு மின்னல் மின்னும். நெம்மேலியிலிருந்து திருப்போரூர் வரை உள்ள ஸ்பீடு பிரேக்கரை எல்லாம் நம்பி நாங்கள் திரும்பலாமா என்றுகூட யோசித்தேன், ஆனால் திரும்புகிற இடத்தில் ஸ்பீடு பிரேக்கர் போட நம் ஊரில் யாருக்குத் தோன்றும். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஓ.எம்.ஆர். ரோட்டில் இண்டிகேட்டர் எரிகிறவர்கள் மட்டும் ஒழுங்கு என்று நினைக்காதே. வலது பக்கம் மினுக்கினால் லாரிக்காரர் முந்திக்கோ என்கிறார், கார்க்காரர் திரும்பப்போகிறேன் என்கிறார், ஆட்டோக்காரர் போன வாரம் போட்டதை மறந்துவிட்டார். நான்கு விளக்கையும் சேர்த்து மினுக்கினால் நேராகப் போகிறேன் என்று அர்த்தமாம். நேராகப் போகிறதை ஊருக்கு அறிவிக்கிற ஒரே ஜனம் நாமாகத்தான் இருப்போம்.

சிரித்துக்கொண்டிருந்த கதை நவம்பர் முதல் வாரத்தில் நின்றது. மழை. கேளம்பாக்கத்தில் இடது பக்கம் ஒடிக்க வேண்டும், நான் கண்ணாடியை இறக்க மறந்துபோய்ப் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத வெட்கமாக இருக்கிறது, யாரோ அனுப்பின குட் மார்னிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கம்மா "லெப்ட்டு" என்றாள், நான் கை நீட்டவில்லை, அவள் நீட்டிவிட்டேன் என்று நினைத்துத் திருப்பினாள். சிறுசேரிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வேன் ஒன்று இடது பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. என் பக்கத்து சைடு மிரர் பெயர்ந்து போய்ச் சாக்கடையில் விழுந்தது, அவ்வளவுதான், யாருக்கும் ஒன்றும் இல்லை. வேன்காரர் இறங்கி வந்து திட்டினார், உங்கம்மா பதிலுக்குத் திட்டவில்லை. உங்கம்மா பதிலுக்குத் திட்டாமல் இருந்ததை நான் முப்பது வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து வெகு நேரம் கழித்து, "பஸ்ல கூடய ஏத்த மாட்டானுங்க. அந்த நாளு திரும்ப வந்துச்சின்னா நான் இந்த யாவாரத்தயே வுட்டுடுவேன்" என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

அதற்கப்புறம் என் கௌரவத்தை மடித்து வைத்துவிட்டுப் பூஞ்சேரி லோகுவிடம் போனோம். ஆட்டோ எலக்ட்ரீஷியன், கைகாரன், ஆனால் கொஞ்சம் பக்தி அதிகம். நெற்றியில் மூன்று பட்டை, கழுத்தில் மாலை, வண்டியில் உட்கார்ந்ததும் டேஷ்போர்டில் இருந்த பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தான். அப்புறம் இறங்கிப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தான், ஒரு அடி பின்வாங்கினான். "அண்ணாத்த, இது காரா, கருவாட்டுக் கூடையா? உப்புத் தண்ணி எறங்கி எர்த்து மொத்தமும் துருப் புடிச்சிக்கினு கீது பாரு" என்றான். எர்த்து என்றால் ஒயர் காரின் உடம்போடு சேருகிற இடம், அங்கே துரு ஏறினால் விளக்கு எரியாது. உண்மையாகவே துரு இருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், புது ஒயர் கொடுத்தான், சுவிட்சைப் போட்டான், எரியவில்லை. எரியாததற்கும் அதே காரணம் சொன்னான். மீன் தண்ணீர் ஒயருக்குள்ளேயே போய்விட்டதாம், ஒரு வாரம் டிக்கியில் மீன் ஏற்றாமல் திறந்து காய வைக்க வேண்டுமாம், அப்புறமும் எரியாவிட்டால் ஒயரிங் முழுக்க மாற்ற வேண்டுமாம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அப்படியா என்று கேட்டிருக்க வேண்டும். நான் செய்தது, தலையை ஆட்டி, அதான் நானும் ஆரம்பத்திலேர்ந்து சொல்லிக்கினு இருக்கேன், மீன் தண்ணிதான் என்று ஒத்து ஊதினேன். ஆரம்பத்திலிருந்து நான் சொன்னது பல்பு என்று. உங்கம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலம் டீக்கடையிலும் நான் அதையே சொல்லிவைத்தேன்.

அந்த ஒரு வாரத்தை எப்படி எழுதுவது. கார்த்திகை மாசம் பிறக்கப்போகிறது, மாலை போட்டுவிட்டால் பாதி வீட்டில் மீன் வாங்க மாட்டார்கள், அதற்கு முன்னால் கிடைக்கிற கடைசி வாரம் அது. உங்கம்மா டிக்கியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள், துணிக்குப் போடுகிற வாசனைத் தண்ணீரை ஊற்றினாள், அரை மணிக்கு ஒரு தரம் போய் மோந்து பார்த்துவிட்டு வந்தாள். மழைக்கு நடுவில் டிக்கி எங்கே காயும், குடையைப் பிடித்துக்கொண்டு காய வைத்தோம். படூர் அபார்ட்மெண்ட்டின் வாட்ஸ்அப் குரூப்பில், வண்டி ரிப்பேர், ஒரு வாரம் வர முடியாது என்று அவள் பேசி அனுப்பினாள். அங்கே செக்ரட்டரி தெய்வநாயகி அம்மா இருக்கிறாரே, மீன் வண்டி குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும், லிப்டில் மீன் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டவர், சுத்த சைவம். வாரம் தவறாமல் பூனைக்கு என்று ஒரு கிலோ வஞ்சிரம் வாங்குவார், மெல்லிசாக ஸ்லைஸ் போடச் சொல்லுவார், பூனைக்குத் தடிமனாக இருந்தால் மசாலா ஏறாதாம். அந்தப் பூனையை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அவர்தான் முதலில் பதில் போட்டார், மீன் தண்ணீர் பட்டால் வண்டி கெட்டுத்தான் போகும், சுத்தம் முக்கியம் வச்சலா, என்று கை கூப்பின பொம்மையோடு. அதற்குக் கீழே பதினொரு பேர் கட்டை விரல் தூக்கினார்கள். இதில் வேடிக்கை, இந்தத் தீர்ப்பை என்னவோ நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது போல் உங்கம்மா போனை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டில் எனக்கு மீன் இல்லை. அவரைக்காய்ப் பொரியல்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆபீஸில் காட்டப்போகிற வண்டியாயிற்றே, விளக்கு எரியாவிட்டாலும் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று உங்கம்மா ஈரத் துணியோடு காருக்குள் உட்கார்ந்தாள். நானும் கேசவனும் மழைக்கு ஒதுங்கி மைக் செட் கொட்டகையில் நின்று, ஒயரிங் முழுக்க மாற்றுவதா இல்லை காரையே மாற்றுவதா என்று பேசிக்கொண்டிருந்தோம். டேஷ்போர்டு நடுவில் சிவப்பு முக்கோணம் போட்ட ஒரு பட்டன் இருக்கிறதே, நான்கு விளக்கையும் சேர்த்து மினுக்க வைக்கிறது, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து சிமெண்ட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு, மழை ஈரத்தில் பூஞ்சணம் வேறு. துணிக்கு வரவில்லை என்று அவள் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, பட்டனைச் சுற்றி இருந்த இடுக்கில் விட்டுக் குடைந்திருக்கிறாள். ஒரு விரல் அளவு சந்தனம் கட்டியாக வந்ததாம். பட்டன் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் அத்தனை நாளும் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அவள் அதை அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள், விட்டாள், முப்பது தரம் இருக்கும் என்றாள். கொட்டகையிலிருந்து நான் பார்த்தேன், ஈரத் தரையெல்லாம் மஞ்சளாக ஆனது. நான்கு விளக்கும் மினுக்கின. பட்டனை வெளியே இழுத்துவிட்டு இடது பக்கம் போட்டாள், இடது மினுக்கியது. வலது பக்கம் போட்டாள், வலது மினுக்கியது. கேசவன் உடனே, அன்னிக்கு நான் தட்டினது இப்பதான் வேலை செய்யுது என்றார். அவருக்கு முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், பழைய காரில் இண்டிகேட்டருக்குப் போகிற கரண்ட் அந்தச் சிவப்புப் பட்டன் வழியாகத்தான் போகுமாம். அது நடுவில் நின்றால் வலதும் இல்லை இடதும் இல்லை. அந்த வெள்ளைக்காரர் நான் ஓட்டிவிட்ட ஐந்து நிமிஷத்தில் சொன்னது இதைத்தான், அப்புறம் போய்ப் பார்த்தேன். லோகு கண்ணில் ஒற்றிக்கொண்ட பொட்டும் இதுதான், சாமி இருக்கிற இடத்தில் எவன் ஸ்க்ரூ டிரைவரை வைப்பான் என்று என்னையே கேட்டான். சரி, அந்தப் பொட்டை வைத்தது யார்? ஆயுத பூஜை அன்றைக்கு ஆம்ப்ளிஃபையர், மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைப்பேன், அந்தக் கையோடு காருக்கும் வந்தேன். டேஷ்போர்டில் ஏற்கெனவே சிவப்பாக ஒன்று இருந்தது, அம்மன் நெற்றி மாதிரி எனக்குத் தோன்றிவிட்டது, மற்ற பட்டனுக்கெல்லாம் ஒரு விரல், இதற்கு மட்டும் மூன்று விரல் சந்தனம் குழைத்து அப்பினேன். பன்னீர் விட்டுக் குழைத்தது, நன்றாக ஊறி இறங்கியிருக்கிறது. உங்கம்மா கொட்டகைக்கு வந்தாள். ஊக்கின் நுனியில் ஒட்டியிருந்ததை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "மோந்து பாரு. மீன் வாட அடிக்குதா?" என்றாள். நல்ல சந்தனம், பவானி. இன்னமும் வாசனை போகவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்குள் கேட்டால் போதும் என்று நினைத்தேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை, மீன் தண்ணினு ஊருக்கே சொன்ன இல்ல, ஊருக்கே சொல்லு என்றாள். அன்று சாயங்காலம் கடல் எச்சரிக்கை வந்தது, அதை மைக்கில் சொல்வது என் வேலைதான். தென்கிழக்கில் காற்று வேகம் கூடுதலாக இருக்கும், நாளை வரை யாரும் கடலுக்குப் போக வேண்டாம், படகுகளை மேலேற்றிக் கட்டவும் என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, அதே குரலில், மேலும் ஓர் அறிவிப்பு, நம் வச்சலா அவர்களின் காரில் இண்டிகேட்டர் எரியாமல் போனது மீன் தண்ணீரால் அல்ல, மைக் செட் தாண்டவராயன் வைத்த சந்தனப் பொட்டால் என்பதைப் பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். படகு கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். மறுபடியும் சொல்லு, சரியாகக் கேட்கவில்லை என்று ஏலக் கொட்டகையிலிருந்து ஒரு குரல் வந்தது, உங்கம்மாவின் குரல் மாதிரி இருந்தது. மறுபடியும் சொன்னேன். இதை யாரோ போனில் பிடித்துப் படூர் குரூப்பில் போட்டுவிட்டார்கள், தெய்வநாயகி அம்மா கை கூப்பின பொம்மையையே மறுபடியும் போட்டிருக்கிறார், யாரைக் கும்பிடுகிறார் என்று தெரியவில்லை. இன்று காலை உங்கம்மா முதல் தடவையாகக் குப்பைத்தொட்டிப் பக்கம் நிறுத்தாமல் வாசலிலேயே நிறுத்தினாளாம், கேட்க வந்த செக்யூரிட்டியிடம் இண்டிகேட்டரைப் போட்டுக் காட்டினாளாம். கார்த்திகை பிறந்துவிட்டது என்றாலும் எல்லாம் விற்றுவிட்டது, பூனைக்கு மட்டும் ஒன்றரைக் கிலோ.

நாளை மறுநாள் வியாழக்கிழமை செங்கல்பட்டுக்குப் போகிறோம். ஜெராக்ஸ் கடை ஹரிஹரன் எல்லாம் பேசி வைத்துவிட்டானாம், வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினால் போதும் என்றிருக்கிறான், அவன் பேசி வைக்காத இடம் இந்த ஜில்லாவில் கிடையாது, என்ன பேசினான் என்பதுதான் யாருக்கும் தெரியாது. உங்கம்மா இரண்டு நாளாக ராத்திரி எழுந்து விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கிறாள். நல்லபடியாக முடிய வேண்டும் என்று நீயும் நினைத்துக்கொள். ரோகிணி கையில் நெத்திலிக் கருவாடு, சுறாப் புட்டுப் பொடி, உங்கம்மா போட்ட ஊறுகாய் மூன்றும் வருகிறது. கருவாட்டை நான்கு கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், உன் ஆஸ்பத்திரித் தோழிகளோடு இருக்கிற வீட்டில் பிரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பிரி, யாராவது மூக்கைப் பொத்தினால் வறுத்துக் கொடு, அப்புறம் பொத்த மாட்டார்கள். நைட் டியூட்டி முடிந்து பசியோடு தூங்காதே. காதில் துணி கட்டிக்கொள். நீ அங்கே வாங்கியிருக்கிற காரில் எல்லாம் தானாகவே சத்தம் போட்டுச் சொல்லும் என்கிறாய், ரொம்ப சந்தோஷம், பூஜை போடுவதானால் ஒரு விரல் போதும். பிரைவேட் ஆஸ்பத்திரி மாறுவது பற்றி உன் இஷ்டப்படி செய், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அதாவது அவள் பேசுவதை நான் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் போட மறக்காதே, போடும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி வாயைத் திறக்காதே.

கடலோரத்து அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும். எந்த ரோட்டில் போனாலும் பத்திரமாகத் திரும்பி வீடு வந்து சேர்.

இப்படிக்கு
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அப்பா
இரா. தாண்டவராயன்

பி.கு. ரோகிணி இன்னும் கிளம்பவில்லை, அதனால் கவரைப் பிரித்து எழுதுகிறேன். வியாழக்கிழமை போய் வந்தோம். உங்கம்மா காரைத் துடைத்து நிறுத்திவிட்டு, இன்ஸ்பெக்டர் வந்தால் போட்டுக் காட்ட வேண்டும் என்று இண்டிகேட்டர் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். நானும் ஹரிஹரனும் உள்ளே போனோம். கவுண்டரில் இருந்த அம்மா நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் கீதே, இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். நான் பானட்டுக்குள் இருக்கிற தகட்டில் 2010 என்று பார்த்துப் பதினைந்து வருஷத்தைக் கணக்குப் போட்டேன், அது வண்டியைச் செய்த வருஷமாம், விற்காமல் ஒரு வருஷம் கடையிலேயே நின்றிருக்கிறது, பதிவானது 2011 நவம்பரில். வெளியே வந்து உங்கம்மாவிடம் வண்டி பாஸ் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பதிவுத் தேதி ஆர்.சி. அட்டையில் முதல் வரியிலேயே இருக்கிறது, உங்கம்மா இன்னும் படிக்கவில்லை.